தோள் தாங்கும் கணக்கு

போன ஆடி மாதம் தம்பி மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். வேலைக்குப் போகிறவள், ஆறு மாதமாக ஞாயிறுதோறும் துப்பாக்கி சுடும் சங்கம் ஒன்றில் களிமண் தட்டுகளைச் சுட்டுப் பழகுகிறாள். மதியம் சாப்பிட உட்கார்ந்தவள் ரசக் கிண்ணத்தை எடுக்க வலது கையை நீட்டினாள். பாதி வழியிலேயே முகம் சுருங்கியது, கையை இறக்கிக்கொண்டாள்.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல பெரியப்பா. நேத்து நூறு தோட்டா சுட்டேன். அதான்."

என் மனைவி அவளை அறைக்குள் அழைத்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். தோள் முடிந்து கைச்சதை தொடங்கும் இடத்தில் கத்தரிக்காய் நிறத்தில் இரத்தக்கட்டு. பிறை மாதிரி வளைந்து, விரல் அகலத்துக்கு இருக்கிறது என்றாள். "வலிச்சு வலிச்சுத்தான் பழகும்னு அங்க சொல்றாங்க பெரியப்பா" என்றாள் பெண், சமாதானம் சொல்கிற குரலில்.

முப்பது வருடம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியவன் நான். அந்தப் பேச்சு எனக்குப் பொறுக்கவில்லை. பின்னுதைப்பு என்பது பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கவேண்டிய சோதனை இல்லை. அது எடையும் வேகமும் நேரமும் பரப்பும் சேர்ந்த ஒரு கணக்கு. அந்தக் கணக்கில் நம்மால் மாற்ற முடியாத உருப்படி ஒன்றுதான் உண்டு. மற்ற எல்லாவற்றிலும் நாம் கை வைக்கலாம். அன்று சாப்பாடு முடிந்ததும் அவளுக்குச் சொன்னதையும், பிறகு மைதானத்துக்கே போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

தட்டும் ரவையும்

இந்த விளையாட்டில் குறி என்பது 11 சென்டிமீட்டர் விட்டமும் 105 கிராம் எடையும் கொண்ட ஒரு சிறு தட்டு. களிமண் தட்டு என்று பெயர்தானே தவிர, இன்று அது சுண்ணாம்புக்கல் தூளையும் கீலையும் சேர்த்து வார்ப்பது. ஒலிம்பிக் டிராப் போட்டியில் சுடுபவருக்கு 15 மீட்டர் முன்னால் உள்ள பள்ளத்திலிருந்து, எந்தப் பக்கம் என்று முன்கூட்டித் தெரியாமல் அது பாய்ந்து வரும். பார்த்து, துரத்தி, சுட்டு முடிக்க ஒரு விநாடிகூடக் கிடைக்காது. ஒற்றைக் குண்டால் ஆகிற வேலை இல்லை இது. அதனால்தான் ஷாட்கன். அதன் தோட்டாவுக்குள் கடுகை விடக் கொஞ்சம் பெரிய ஈய ரவைகள் நிறைந்திருக்கும். 24 கிராம் தோட்டா என்றால் ஏறக்குறைய 300 ரவைகள்.

ஒரு சுற்றுக்கு 25 தட்டு. ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் மொத்தம் 125. ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டு முறை சுட அனுமதி உண்டு. புதுக்கோட்டையைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடியது இந்தப் போட்டியில்தான். அந்த நிலையை எட்ட ஒருவர் வாழ்நாளில் எத்தனை ஆயிரம் தோட்டா சுட்டிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றும் தோளில் இறங்கியிருக்கிறது. வலியைத் தாங்கித் தாங்கியே ஒருவர் அவ்வளவு தூரம் வந்துவிட முடியாது. வலி வராதபடி சுடத் தெரிந்திருக்க வேண்டும்.

பரிசலை விட்டுக் குதித்தால்

ஒகேனக்கல்லில் பரிசலில் போயிருப்பவர்களுக்குத் தெரியும். கரை நெருங்கியதும் அவசரப்பட்டு முன்னால் குதித்தால், குதித்த வேகத்துக்கு ஏற்பப் பரிசல் பின்னால் ஓடும். துப்பாக்கியிலும் அதே கதைதான். ரவை முன்னால் போகிறது. துப்பாக்கி பின்னால் வருகிறது. எடையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது உந்தம். முன்னால் போகும் உந்தமும் பின்னால் வரும் உந்தமும் இம்மியும் பிசகாமல் சமம். கணக்கில் மாற்ற முடியாத உருப்படி என்றேனே, அது இந்தச் சமன்தான்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். 24 கிராம் ரவை விநாடிக்கு 400 மீட்டர் வேகத்தில் குழலை விட்டுப் போகிறது. உந்தம் 9.6 அலகு. ரவையைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் கிண்ணம் சுமார் 3 கிராம். அதன் பங்கு 1.2. ஒன்றரை கிராமுக்குச் சற்றுக் குறைவான வெடிமருந்து வாயுவாகி ரவையை விட வேகமாகப் பீறிடுகிறது. அதன் பங்கு 0.9 அளவில் வரும். கூட்டினால் 11.7. துப்பாக்கியின் எடை 3.6 கிலோ என்றால் அது விநாடிக்கு 3.25 மீட்டர் வேகத்தில் பின்னால் வரவேண்டும்.

3.25 மீட்டர் என்றால் எவ்வளவு? அதே துப்பாக்கியை 54 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஒன்றே முக்கால் அடிக்கு மேலிருந்து கைநழுவ விட்டால் கீழே வந்து சேரும்போது இருக்கும் வேகம் அது. ஒவ்வொரு முறை விசையை அழுத்தும்போதும் நம் தோள் மீது ஒரு துப்பாக்கி ஒன்றே முக்கால் அடி உயரத்திலிருந்து விழுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

உந்தம் சமம் என்றால் தட்டு நொறுங்கும்போது தோள் மட்டும் எப்படி நொறுங்காமல் இருக்கிறது? ஆற்றல் சமமாகப் பிரிவதில்லை. 24 கிராம் ரவைக்குக் கிடைப்பது 1,920 ஜூல். துப்பாக்கிக்குக் கிடைப்பது வெறும் 19 ஜூல். நூற்றில் ஒரு பங்கு. எடை மிகுந்த பக்கத்துக்கு ஆற்றல் குறைவாகப் போகிறது. துப்பாக்கியின் எடைதான் நம்மைக் காக்கிற முதல் கேடயம்.

முதலில் தோட்டாவைப் பார்

பின்னுதைப்பைக் குறைக்கக் கடைகளில் பலவிதமான பொருள்கள் விற்கிறார்கள். பெரிய மாற்றம் வருவது தோட்டாவை மாற்றினால்தான். அதற்குத் தனியாகச் செலவும் இல்லை.

அதே வேகத்தில் 28 கிராம் ரவை போட்டால் துப்பாக்கியின் ஆற்றல் 19 ஜூலிலிருந்து 25 ஆகிறது. 32 கிராம் என்றால் கிட்டத்தட்ட 32 ஜூல். ரவை மூன்றில் ஒரு பங்குதான் கூடியது. உதையின் ஆற்றலோ மூன்றில் இரண்டு பங்கு ஏறிவிட்டது. பின்னால் வரும் ஆற்றல் உந்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் கொஞ்சம் கூட்டினாலும் அதிகமாகத் தெரியும். விழும் உயரத்தில் சொன்னால், 24 கிராமுக்கு 54 சென்டிமீட்டர். 32 கிராமுக்கு 90.

துப்பாக்கியில் 200 கிராம் எடை சேர்த்தால் ஆற்றல் 19-லிருந்து 18 ஆகும். 400 கிராம் சேர்த்தால் 17. இதுவும் நல்லதுதான், ஆனால் அந்த எடையை நாள் முழுக்கத் தூக்க வேண்டும், தட்டின் பின்னால் சுழற்ற வேண்டும். தோட்டாவை 28-லிருந்து 24-க்கு மாற்றினாலோ நான்கில் ஒரு பங்கு வலி மூலத்திலேயே போய்விடுகிறது.

"ரவை குறைஞ்சா தட்டு உடையாதே" என்றாள் அவள். சர்வதேசப் போட்டிகளில் 24 கிராமுக்கு மேல் அனுமதியே இல்லை. உலகின் தலைசிறந்த சுடுநர்கள் அதை வைத்துத்தான் நூற்றுக்கு நூறை எட்டிப் பிடிக்கிறார்கள். அமெரிக்காவின் டிராப் விளையாட்டில் 32 கிராம் வரை போகலாம். போகலாம் என்பதால் போகவேண்டும் என்று ஆகாது. அவள் சுட்டுக்கொண்டிருந்தது 32 கிராம். சங்கத்து அலமாரியில் அன்று இருந்தது அதுதானாம். பழகுகிறவர்களுக்கு 21 கிராம் தோட்டாவும் உண்டு. அதில் உதை 15 ஜூலுக்கு இறங்கிவிடும்.

மூன்று மில்லிவிநாடி

மொத்த உந்தத்தைத் தோட்டாவும், பின்னால் வரும் வேகத்தைத் துப்பாக்கியின் எடையும் முடிவு செய்துவிட்டன. இனி அதை எவ்வளவு நேரத்தில் வாங்குவது, எவ்வளவு பரப்பில் வாங்குவது என்பது மட்டுமே மிச்சம்.

விசை அழுத்தப்பட்டது. ரவை குழலுக்குள் இருக்கும் நேரம் சுமார் 3 மில்லிவிநாடி. அதற்குள் துப்பாக்கி பின்னால் நகர்ந்திருப்பது ஏறக்குறைய அரை சென்டிமீட்டர். ரவை வாயை விட்டுப் போன பிறகுதான் தோள் பெரும்பகுதி வேலையைச் செய்கிறது. சதை அமுங்கி, தோள் பின்னால் போய், உடம்பு அசைந்து துப்பாக்கியை நிறுத்துகிறது. எல்லாம் சில பத்து மில்லிவிநாடிக்குள் முடிந்துவிடும். தொட்டதை உணர்ந்து கை அசைய நமக்கு அதைவிடப் பல மடங்கு நேரம் ஆகும். வெடித்த பிறகு சமாளித்துக்கொள்ளலாம் என்பதற்கு இடமே இல்லை. செய்யவேண்டியதை எல்லாம் முன்னாலேயே செய்து வைத்திருக்க வேண்டும்.

கிரிக்கெட்டில் உயரமாக வரும் பந்தைப் பிடிக்கிறவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே பிடிப்பார். நிறுத்தும் நேரம் நீண்டால் தாக்கும் விசை குறையும். 11.7 அலகு உந்தத்தை 20 மில்லிவிநாடியில் நிறுத்தினால் தோளில் விழும் சராசரி விசை 60 கிலோ எடைக்குச் சமம். 40 மில்லிவிநாடியில் நிறுத்தினால் 30 கிலோ. தோளில் பதியும் துப்பாக்கிக் கட்டையின் அடியில் இருக்கும் மெத்தென்ற ரப்பர் பேட் செய்வது இந்த வேலையைத்தான். காலத்தால் இறுகிப்போன பழைய பேட் இதைச் செய்யாது; பெருவிரலால் அழுத்தினால் அமுங்க வேண்டும்.

வாயுவால் இயங்கும் தானியங்கி ஷாட்கன்கள் தோளுக்கு மென்மையாக இருப்பதற்கும் இதுவே காரணம். 1963-இல் வந்த ரெமிங்டன் 1100 இதில் பேர்போனது. குழலில் உள்ள சிறு துளை வழியாகக் கொஞ்சம் வாயு திரும்பி ஒரு பிஸ்டனைத் தள்ளும். அது கனமான பூட்டைப் பின்னுக்கு ஓட்டி ஸ்பிரிங்கை அமுக்கும். உதையின் ஒரு பகுதி அந்தப் பூட்டோடு போய், சற்றுத் தாமதித்துத் தோளுக்கு வருகிறது. மொத்தம் குறையவில்லை, ஒரே அடியாக வந்தது தவணையாக வருகிறது.

இங்கே ஒரு பெரிய தவறு நடக்கும். உதைக்குப் பயந்து புதியவர்கள் துப்பாக்கியைத் தோளிலிருந்து மயிரிழை தள்ளிப் பிடிப்பார்கள். அந்த இடைவெளியில் துப்பாக்கி தடையில்லாமல் முழு வேகத்தையும் எடுத்துக்கொண்டு வந்து மோதும். தோளோடு ஒட்டியிருந்தால் முதல் கணத்திலிருந்தே உடம்பின் எடையும் துப்பாக்கியோடு சேர்ந்துகொள்ளும். தள்ளிப் பிடித்தால் குத்து. ஒட்டிப் பிடித்தால் தள்ளல். பயம் வலியைக் கூட்டுகிறது என்பது இந்த இடத்தில் வெறும் அறிவுரை இல்லை, நேரான இயக்கவியல்.

சும்மாட்டின் அறிவு

தண்ணீர்க் குடத்தைத் தலையில் வைப்பதற்கு முன் நம் பாட்டிமார் பழந்துணியைச் சுருட்டிச் சும்மாடு வைப்பார்கள். குடத்தின் எடை அதனால் குறைவதில்லை. உச்சியில் ஒரு புள்ளியில் அழுந்தவேண்டியது வட்டமாகப் பரவுகிறது.

துப்பாக்கிக் கட்டையின் அடிப்பகுதி சுமார் 12 சென்டிமீட்டர் உயரம், 4 சென்டிமீட்டர் அகலம். முழுதாகப் பதிந்தால் 48 சதுர சென்டிமீட்டர் பரப்பு. விளிம்பு மட்டும், ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குத் தொட்டால் 12. அதே உதை, நான்கு மடங்கு அழுத்தம். தோலுக்குக் கீழே உள்ள நுண் இரத்தக் குழாய்கள் உடைவது இந்த அழுத்தத்தில்தான்.

பிறை வடிவத்துக்கு அர்த்தம் எனக்கு அப்போது பிடிபட்டது. அடுத்த ஞாயிறு அவளோடு மைதானத்துக்குப் போனேன். பயிற்சியாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, குழலை மடித்துத் தோட்டா இல்லை என்று மூன்று பேரும் பார்த்த பிறகு, ரப்பர் பேடில் கரும்பலகைச் சுண்ணக்கட்டியைத் தேய்த்தேன். கறுப்பு டி-ஷர்ட் போட்டிருந்தவளைச் சுடுவதுபோலத் துப்பாக்கியை ஏந்தச் சொன்னேன். இறக்கியதும் பார்த்தால், தோள் முனையைத் தாண்டி, கையின் மேல் மெல்லிய வெள்ளைப் பிறை. இரத்தக்கட்டு இருந்த அதே இடம்.

பயிற்சியாளர் டேப் எடுத்து அளந்தார். விசையிலிருந்து கட்டையின் அடிவரை 37 சென்டிமீட்டர். ஆறடி ஆளுக்குச் சரியாக இருக்கும். தம்பி மகள் ஐந்தடி இரண்டு அங்குலம். கட்டை நீளமாக இருப்பதால் அது தோள்குழிக்குள் வர மறுத்துக் கைப்பக்கம் வழுக்கிப் போகிறது. வளைந்த கையின் மேல் விளிம்பு மட்டும் தொடுகிறது.

இரத்தக்கட்டு எங்கே இருக்கிறதோ அங்கேயே காரணமும் எழுதியிருக்கும் என்று அவர் சொன்னதை அப்படியே குறித்துவந்தேன். கையின் மேல் என்றால் கட்டை நீளம், அல்லது ஏந்தும்போது கை வெளியே போகிறது. காறையெலும்பின் மேல் என்றால் துப்பாக்கி மிக உயரத்தில் அமர்கிறது. மார்புப் பக்கம் கீழ்நுனி மட்டும் குத்தினால் அடிப்பகுதியின் சாய்கோணம் தவறு. பெண்களுக்கு அந்தக் கீழ்நுனியைச் சற்று வெளிப்புறம் திருப்பி அமைத்தால் போதும். கன்னத்தில் என்றால் கன்னம் பதியும் மேடு உயரமாக இருக்கிறது, அல்லது தலையைத் தூக்கிவைத்துச் சுடுகிறார். நடுவிரலின் கணுவில் என்றால் விசைக்காப்பு வளையம் இடிக்கிறது, கைப்பிடி தளர்வு.

கன்ன அடிக்குப் பின்னால் ஒரு நெம்புகோலும் உண்டு. குழலின் கோடு தோளில் கட்டை பதியும் இடத்துக்கு மேலே இருக்கிறது. அதனால் துப்பாக்கி நேராகப் பின்னால் வராமல் வாயை மேலே தூக்கிக்கொண்டு சுழலும். கட்டை கன்னத்தில் எகிறும். மேலும் கீழுமாக இரு குழல் கொண்ட துப்பாக்கிகளில் வழக்கமாகக் கீழ்க்குழலை முதலில் சுடுவது இதனால்தான். அது தோளின் கோட்டுக்கு நெருக்கம். வாய் குறைவாகத் தூக்கும். இரண்டாம் சூட்டுக்குச் சீக்கிரம் திரும்பலாம்.

உடம்பை வைக்கும் விதம்

தோள்குழி எங்கே இருக்கிறது என்று உங்கள் விரலாலேயே தேடலாம். வலது முழங்கையைத் தோள் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வரை உயர்த்துங்கள். காறையெலும்புக்குக் கீழே, தோளின் உருண்டைச் சதைக்கு உள்பக்கமாக, மார்புத்தசையின் மேல் ஒரு பள்ளம் விழும். கட்டை அமரவேண்டிய இடம் அது. முழங்கையைத் தொங்கவிட்டால் பள்ளம் மூடிக்கொள்ளும்.

ஏந்தும் வரிசையும் முக்கியம். கட்டையை முதலில் கன்னத்துக்குக் கொண்டுவந்து, பிறகு தோளை முன்னால் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். தோளில் வைத்துவிட்டுத் தலையைச் சாய்த்துத் தேடினால் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்தில் பதியும்.

புதியவர்கள் துப்பாக்கியின் கனத்துக்கு ஈடாக முதுகைப் பின்னால் சாய்ப்பார்கள். அப்போது உதை வந்தால் உடம்புக்குப் பின்னால் போக இடமில்லை, குதிகாலில் தடுமாறும். எடையை முன்காலுக்குக் கொடுத்து, முழங்காலை இறுக்காமல், மூக்கு முன்காலின் பெருவிரலுக்கு நேரே வருமளவு முன்சாய்ந்தால் இடுப்புக்கு மேலுள்ள உடம்பு முழுவதும் மெல்ல ஆடி உதையை வாங்கும். கிரிக்கெட் வீரரின் கை பின்னுக்குப் போவதைப் போலத்தான் இதுவும்.

காதும் அச்சமும்

ஷாட்கன் வெடிக்கும் ஒலி 150 டெசிபெலைத் தாண்டும். காதுக் காப்பு இல்லாமல் ஒருமுறை சுட்டாலே செவிக்கு நிலையான கேடு வரலாம். உதையும் ஓசையும் ஒரே கணத்தில் வருவதால் மூளை இரண்டையும் ஒன்றாகவே எழுதிக்கொள்கிறது. காதுக்குள் அடைப்பான், அதன் மேல் காது மூடி என்று இரண்டும் போட்டுக்கொண்டால் அதே தோட்டா மென்மையாகத் தோன்றும்.

வலி தொடர்ந்தால் உடம்பு தானாகவே ஒரு பாதுகாப்பைக் கற்றுக்கொள்ளும். விசை அழுந்துவதற்கு ஒரு கணம் முன்பே கண் மூடும், தோள் முன்னால் எம்பும், குழல் தாழும். சுடுகிறவருக்கே இது தெரியாது. உதை மறைத்துவிடும். கண்டுபிடிக்க வழி உண்டு: மைதானத்தில் பயிற்சியாளர் நமக்குத் தெரியாமல் இடையிடையே வெற்றுத் தோட்டாவைப் போட்டுக் கொடுப்பார். வெடிக்காத அந்த ஒரு முறையில் குழல் துள்ளுவது கண்ணுக்கு நேராகத் தெரியும். தம்பி மகளுக்கு அன்று அது ஒரு சாண் தாழ்ந்தது. அவள் திகைத்துப்போய் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. வலியால் பழக்கம் வரும் என்றார்களே, வந்த பழக்கம் இதுதான். இது பதிந்துவிட்டால் அழிக்க மாதக்கணக்கில் ஆகும்.

நிறம் மாறும் தோல்

வந்துவிட்ட இரத்தக்கட்டை என்ன செய்வது? முதல் நாள் துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைப் பத்துப் பதினைந்து நிமிடம் வைக்கலாம். நம் வீடுகளில் தைலம் போட்டு அழுத்தித் தேய்ப்பார்கள். புதுக் காயத்தில் அது உடைந்த குழாய்களை மேலும் கசியவிடும். காயம் ஆறும்வரை தோளுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். ஊதா பச்சையாகி, பச்சை மஞ்சளாவது உள்ளே கசிந்த இரத்தத்தின் ஹீமோகுளோபினை உடம்பு படிப்படியாகப் பிரித்து அகற்றுவதன் அடையாளம். கை மரத்துப்போனாலோ, விரல்களில் ஊசி குத்துவதுபோல இருந்தாலோ, கையைத் தூக்க முடியாமல் போனாலோ அது வேறு. கைக்குப் போகும் நரம்புப் பின்னல் தோள்குழிக்கு அருகில்தான் ஓடுகிறது. உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மைதானத்துக்குப் போகும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

களைப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். முதல் 50 தோட்டாவில் சரியாக அமர்ந்த கட்டை, கை தளர்ந்த பிறகு வழுக்கத் தொடங்கும். பெரும்பாலான இரத்தக்கட்டு நாளின் கடைசி 25-இல் வாங்கியதாகத்தான் இருக்கும் என்றார் பயிற்சியாளர். கை நடுங்கத் தொடங்கினால் நிறுத்திவிடுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இரண்டு வாரம் அவள் சுடவில்லை. அதற்குள் அந்தச் சங்கத்திலேயே மூலையில் கிடந்த குட்டையான கட்டை ஒன்றைத் தேடி எடுத்து, அவள் அளவுக்குச் சாய்கோணம் திருத்திப் பொருத்தினார்கள். 24 கிராம் தோட்டா வரவழைத்தார்கள். நாளுக்கு இரண்டு சுற்று, 50 தட்டு போதும் என்று பேசி முடித்தோம்.

ஆவணி கடைசியில் ஒரு ஞாயிறு, கைப்பேசியில் படம் ஒன்று வந்தது. அதே கறுப்பு டி-ஷர்ட். தோள்குழிக்கு நேரே, காறையெலும்புக்குக் கீழே, சீட்டுக்கட்டை நிமிர்த்தி வைத்ததுபோல முழுச் செவ்வகமாக ஒரு சுண்ணாம்புத் தடம். நான்கு மூலையும் பதிந்திருந்தது. கீழே ஒரு வரி எழுதியிருந்தாள்: "இன்னைக்கு 50-ம் முடிச்சேன் பெரியப்பா. ராத்திரி ரசம் நானே ஊத்திக்கிட்டேன்."